கூடாரத்துச் சிரிப்பு: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 2

பள்ளி விடுமுறைக்கு அண்ணன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தொடக்கநிலை மூன்று படிக்கிறாள். இந்த மாதம் முழுக்க சர்க்கஸ், கார்னிவல் நகைச்சுவைப் படங்களாகவே பார்ப்பது என்று அவள், அப்பா, நான் மூவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். முதலில் சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ (1928).

போலீஸ்காரர் துரத்த, சாப்ளின் ஓடிப்போய் சர்க்கஸ் வளையத்துக்குள் விழுகிறார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. முதலாளி வேலை தருகிறார். ஆனால் “இப்போது சிரிக்க வை பார்ப்போம்” என்று நிறுத்தி வைத்துக் கேட்டால் அவருக்கு ஒன்றும் வரவில்லை. சாமான் தூக்கும் ஆளாக வைத்துக்கொள்கிறார்கள். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தடுமாறி நுழையும்போதெல்லாம் கொட்டகை அதிர்கிறது. தான்தான் நட்சத்திரம் என்பது அவருக்கே தெரியாது. கோமாளி சிரிக்க வைக்க நினைக்காதபோதுதான் சிரிப்பு வருகிறது. சர்க்கஸ் படங்களுக்கு இதைவிட நல்ல கரு அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

படம் எடுத்த கதை படத்தைவிடக் கொடுமை. படப்பிடிப்பு தொடங்குமுன் காற்றில் கூடாரம் கிழிந்தது. முதல் மாதம் எடுத்த படச்சுருள் கீறலாகி வீணானது. 1926 செப்டம்பரில் ஸ்டூடியோ தீப்பிடித்தது. அப்புறம் விவாகரத்து வழக்கு, மாதக்கணக்கில் வேலை நின்றது. இத்தனைக்கும் நடுவே அந்த மனிதர் கயிற்றில் நடக்கப் பழகியிருக்கிறார். குரங்குகள் மேலே ஏறிக் கால்சட்டையை உருவும் காட்சியில் அண்ணன் மகள் சோபாவிலிருந்து சரிந்தே விட்டாள்.

ஜூன் 5

நேற்று ‘தி சர்க்கஸ்’ படத்தின் தொடக்கத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். அது கார்னிவல் திடல். கண்ணாடி மண்டபத்தில் பத்து சாப்ளின், பத்து போலீஸ்காரர். யார் நிஜம் என்று யாருக்கும் தெரியாது. பிறகு நோவாவின் பேழை போல அமைத்த கேளிக்கைக் கூடத்தின் வாசலில், சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறைத்து நிற்கிறார். பொம்மையாகவே திரும்பித் திரும்பிப் பிக்பாக்கெட்காரன் மண்டையில் அடிக்கிறார். உடம்பில் ஒரு தசை கூடப் பிசகவில்லை.

இதைப் பார்த்ததும் அப்பாவுக்கு நியூ வோர்ல்டு ஞாபகம் வந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில், ஜாலான் புசார் பக்கம் 1923-இல் திறந்த கேளிக்கைப் பூங்கா அது. பிறகு 1931-இல் கிரேட் வோர்ல்டு, அதன்பின் ஹேப்பி வோர்ல்டு. இராட்டினம், மல்யுத்தம், சினிமா, மேடை நாடகம் எல்லாம் ஒரே மதிலுக்குள். இன்று நியூ வோர்ல்டு இடத்தில் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது, பழைய வாசலை மட்டும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது பேத்தியை அங்கே கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

ஜூன் 9

‘அபூர்வ சகோதரர்கள்’, 1989. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். ஜனகராஜ் துப்பறியும் இடங்களை நாங்கள் வசனத்தோடு ஒப்பிப்போம் என்பதால் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

இந்த முறை என்னை உலுக்கியது, கமல் குள்ளமான சர்க்கஸ் கோமாளியாக வரும் அப்புவின் கல்யாணக் காட்சி. சர்க்கஸ் முதலாளியின் மகள் தன்னைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நம்பிப் பதிவு அலுவலகம் வரை போகிறான். அவளுக்கு வேண்டியதோ சாட்சிக் கையெழுத்து. சாப்ளின் படத்திலும் இதே வலி: மோதிரம் வாங்கி வைத்திருந்தவர், அதைக் கயிற்றில் நடக்கும் ரெக்ஸிடம் கொடுத்து, தான் நேசித்த பெண்ணுக்கு அவனையே கட்டிவைக்கிறார். அறுபது வருட இடைவெளி, வேறு நாடு, வேறு மொழி. ஆனாலும் கோமாளி மாப்பிள்ளையாவதில்லை. சாப்ளின் அதை ஏற்று நகர்ந்துவிடுகிறார். அப்பு உடைந்து போகிறான். ‘உன்ன நெனச்சேன் பாட்டு படிச்சேன்’ வரும்போது அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கு அப்புதான் பெரியவன். வளையத்துக்குள் கேட்ட சிரிப்புக்கு விலை என்ன என்பதைக் கமல் அந்த ஒரு முகத்தில் காட்டிவிடுகிறார்.

ஜூன் 12

“அத்தை, சிங்கம் நிஜமா?” என்று கேட்டாள். சாப்ளின் மாட்டிக்கொண்ட கூண்டில் இருந்தது நிஜச் சிங்கம்தான் என்றேன். “பாவம்” என்றாள். சாப்ளினைச் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். அவள் சொன்னது சிங்கத்தை.

இந்தியாவில் சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு ஆகியவற்றைச் சர்க்கஸில் பழக்கி ஆடவிடக் கூடாதென்று 1998-இல் அரசு அறிவித்தது. சிங்கப்பூரிலும் 2002 முதல் ஊர் ஊராகச் சுற்றும் சர்க்கஸ்களுக்குக் காட்டு விலங்குகள் கிடையாது. நல்ல முடிவு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. குரங்குக் காட்சியில் நான் இனிமேலும் சிரிப்பேன், கொஞ்சம் சங்கடத்தோடு.

ஜூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் ‘அட் தி சர்க்கஸ்’ (1939). ஏமாற்றம். சர்க்கஸ் வெறும் ஜோடனையாக நிற்கிறது; அதை எடுத்துவிட்டு ஒரு ஹோட்டலை வைத்தாலும் பாதிப் படம் ஓடும். ஒன்று மட்டும் அபாரம்: மேடையின் கட்டை அவிழ்த்துவிட, இசைக்குழு வாசித்துக்கொண்டே கடலில் மிதந்து போகிறது.

இந்தப் படத்துக்குச் சிரிப்புக் காட்சி யோசித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர்களில் பஸ்டர் கீட்டனும் ஒருவர். ஊமைப்பட நாட்களில் தன் உடம்பையே பணயம் வைத்து விழுந்து எழுந்தவர். அவரை வளையத்துக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். மனசு ஆறவில்லை.

ஜூன் 21

வாசனின் ‘சந்திரலேகா’, 1948. முழு நகைச்சுவைப் படமில்லை, அப்பாவின் பிடிவாதம். என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் சர்க்கஸ்காரர்களாக வந்து நிற்கும்போது படமே லேசாகிறது. துரத்தல், சிறை, வாள் என்று போகும் கதையில் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

அப்பாவின் பிடிவாதம் நியாயம்தான். குகைக்குள் அடைபட்ட இளவரசனை மீட்கப் பாறையைத் தள்ளுவது சர்க்கஸ் யானைகள். அப்பு பழிவாங்கும்போதும் கை கொடுப்பது சர்க்கஸ் வித்தைதான். கூடாரம் கதைக்குள் வேலை செய்கிறது. மார்க்ஸ் சகோதரர்கள் படத்தில் நான் தேடிக் கிடைக்காதது இதுதான்.

அடுத்து எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ‘பறக்கும் பாவை’ (1966). ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று பேச்சு.