வெண்மணியில் பாட வேண்டும்

டிசம்பர் 10

மனித உரிமை நாள் கூட்டம். உரைகள் நீண்டுபோய், எங்களுக்குக் கடைசியில் பத்து நிமிடம் கிடைத்தது. 'மனுசங்கடா' பாடினோம். இறங்கி வந்ததும், 25ஆம் தேதி வெண்மணித் தியாகிகள் நினைவு நாளில் பாட, வெண்மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது.

டிசம்பர் 13

ஒத்திகைக்குத் தெரிந்தவரின் மண்டபத்தைக் கேட்டோம். பாட்டு என்றதும் சரி என்றார். பறையைப் பார்த்ததும், "சாவு மேளமா? வேணாம்மா."

பெரியப்பா பல வருடம் சாவுக்கு அடித்தவர். ஒருநாள் கூலியைக் கையில் தராமல் தரையில் வைத்தார்கள். அன்றோடு சாவுக்குப் போவதை நிறுத்தினார், பறையை நிறுத்தவில்லை. ஆற்றங்கரையில் ஒத்தையடித் தாளத்தில் தொடங்கி இருட்டும்வரை அடித்தார்.

டிசம்பர் 17

'மனுசங்கடா' பாட்டை எழுதியவர் இன்குலாப், சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் ஆசிரியர். ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர் கே.ஏ. குணசேகரன், அவரும் பேராசிரியர். இரண்டு வாத்தியார்களும் இலக்கணத் தமிழை ஒதுக்கிவிட்டு, வயலில் பேசுகிற வாயோடு பேசியதால்தான் இந்தப் பாட்டு நிற்கிறது என்று நினைக்கிறேன். இருவரும் 2016இல் போனார்கள், ஒருவர் ஜனவரியில், மற்றவர் டிசம்பரில். மறு ஆண்டு இன்குலாப்புக்கு சாகித்திய அகாதெமி விருது அறிவித்தபோது குடும்பத்தார் வாங்க மறுத்தார்கள்.

'டா' வரும்போதெல்லாம் குரலை ஏற்றுகிறேன். பெரியப்பா குச்சியை நிறுத்தினார். "சண்டைக்குப் போற மாதிரி கத்தாத தாயி. மனுசன்னு சொல்றோம். அதுக்கு எதுக்குக் கத்தணும்?"

டிசம்பர் 21

மழை. தோல் தொய்ந்து சத்தமே எழவில்லை.

டிசம்பர் 23

குழுவில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வெண்மணியைச் சொன்னேன். வயலில் வேலை செய்தவர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்புறம் வழக்கு. கார் வைத்திருக்கிற பணக்கார மிராசுகள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் எழுதி, சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

"அப்ப நெருப்பு தானாவே வந்துச்சாக்கா?" என்றான் கடைசி வரிசைப் பையன். என்னால் மேலே பேச முடியவில்லை. அதையே இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 25

கீழ்வேளூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நெல். நினைவிடத்தில் கூட்டம், எங்கும் சிவப்புக் கொடி. விடியற்காலைப் பனியில் பறை மறுபடி தொய்ந்துவிட்டது. காய்ச்ச வேண்டும், அதற்கு வைக்கோலைக் கொளுத்த வேண்டும். இந்த மண்ணில் எப்படி நெருப்பு மூட்டுவது? தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பெரியப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

தெருவிலிருந்து ஒரு பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே போய், இரண்டு கை நிறைய வைக்கோல் அள்ளிவந்து எங்கள் முன்னால் போட்டார்.

"பற காய வேணாமா? கொளுத்து புள்ள."

கொளுத்தினேன். பெரியப்பா பறையைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது. கத்தாமல் பாடினேன். பாட்டி கடைசிவரை அந்தச் சாம்பல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.