மாடியா, கீழ்த்தளமா: ஜூன் குறிப்புகள்

ஜூன் 2

சொந்தமாக ஜிம் போட இடம் கேட்கிறேன். கட்டட உரிமையாளர் அண்ணாச்சி இன்றும் பிடி கொடுக்கவில்லை. "பாத்து சொல்லுதேன்." அவ்வளவுதான்.

ஜூன் 4

மாடி அறையைத் தள்ளிவிடுவதிலேயே குறியாக இருக்கிறார். வாடகை குறைவுதான். ஆனால் வீட்டுக்கென்று போட்ட கான்கிரீட் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம்தான் கணக்கு. ரேக் என்னும் இரும்புச் சட்டம், எடை மாட்டும் 20 கிலோ கம்பியான பார், அதில் மாட்டும் 100 கிலோ பிளேட், தூக்கும் ஆள், பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாம் இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். சும்மா நிற்கும் எடையையாவது பொறுக்கலாம். தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் முடித்துக் கையை விட்டால் விழுகிற அடி வேறு சமாச்சாரம். ரப்பர் மேட் சத்தத்தைக் குறைக்கும், தளத்தைப் பலப்படுத்தாது. கீழே மருந்துக்கடை வேறு. ஒரே வாரத்தில் பஞ்சாயத்து வரும்.

கீழ்த்தளம்தான். ஈரம் ஏறும், தெரியும். இருந்தாலும் கீழ்த்தளம்தான்.

ஜூன் 5

விடியக்காலம் கொட்டு மழை. இப்போது வேலை பார்க்கும் ஜிம்மில் ஐந்து மணி பேட்ச் பாதி காலி. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர் மட்டும் அதிசயமாக வந்திருந்தார். மழை பெய்தால் வெட்டு இல்லையே.

ஜூன் 8

திங்கள்சந்தையிலிருந்து வரும் அம்மா சொன்னது: "பூசையில முட்டு போட்டா எந்திக்க முடியல மக்ளே. அது சரியானா போதும்." இடுப்பளவும் கேட்கவில்லை, எடையும் கேட்கவில்லை. ஐம்பது தாண்டியவர்களுக்கு மட்டும் ஓர் இடம் என்ற யோசனை இந்த மாதிரிப் பேச்சில்தான் வளர்ந்தது.

அவர்களுக்கு முதல் நாளே எடை மெஷின் தேவையில்லை. கை இல்லாத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோரம் போட வேண்டும். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுக்குள் பெண் 12க்குக் கீழே, ஆண் 14க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு. கையை ஊன்றினால் பூஜ்யம்தான்; பாவம் பார்த்து எண்ணிக்கொடுத்தால் நஷ்டம் அவர்களுக்கு.

எழ முடியாதவருக்கு உட்காரும் இடத்தில் பலகை அடுக்கி உயர்த்தலாம். எட்டு முறை மூன்று சுற்று சுளுவாக வந்தால் ஓர் அங்குலம் இறக்கலாம். பெரும்பாலும் கெடுவது பாதம் நிற்கும் இடத்தில். முட்டியைவிட முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள், பின்னால் சாய்ந்து விழுவார்கள். பாதத்தை உள்ளே இழுத்து, மூக்கைக் கால் விரலுக்கு மேலே கொண்டுவரச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது உட்காரும்போது தொப்பென்று விழுவது. மூன்று எண்ணி இறங்க வேண்டும், தசைக்கு வேலை அங்கேதான். எழும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் பிரஷர் குபுக்கென்று ஏறும்.

முட்டு போட்டு எழுவது இதற்கு அடுத்த படி. ஒரு காலை முன்னால் ஊன்றி, முதலில் பெஞ்சைப் பிடித்து, பிறகு பிடிக்காமல்.

ஜூன் 11

துரு. கடற்கரைப் பக்கம் ஜிம் போடுகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் பாரில் பிளாக் ஆக்ஸைடு என்னும் கறுப்புப் பூச்சு நிற்காது. ஹார்ட் குரோம் முலாம் தேவலை, ஸ்டெயின்லெஸ் இன்னும் நல்லது, விலைதான் கடிக்கும். பிடியில் இருக்கும் சொரசொரப்புக்குள் கை வழுக்காமல் பூசும் சாக் தூள் போய் உட்கார்ந்து ஈரத்தை இழுக்கும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துடைத்து, மிச்ச எண்ணெயை வேறு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். விட்டால் பிடி வழுக்கும். மழைக்காலத்தில் வாராவாரம்.

கேபிள் மெஷினில் கம்பி அறுவது பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே. வெளியே பளபளப்பாகத்தான் தெரியும். விரலால் தடவும்போது புடைப்பு தட்டினால் அன்றே மாற்ற வேண்டும்.

ஜூன் 12

கடன் கேட்டால், பேங்கில் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவா என்கிறார்கள். அண்ணாச்சி, "பேங்க் என்ன சொல்லுது, அதைச் சொல்லு" என்கிறார்.

ஜூன் 15

சிறு தொழிலுக்கான முத்ரா கடனில், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை. அதற்குள் முடிக்க வேண்டும் என்றால் டிரெட்மில் கிடையாது. அதற்கு மோட்டார், ஸ்டெபிலைசர், பெல்ட், சர்வீஸ் ஆள் என்று செலவு தொடரும். நடக்க சங்குத்துறை கடற்கரை இருக்கிறது.

காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் பத்து. நடுவில் தூக்கமும் இல்லை, வேலையும் இல்லை. நாற்பதுக்கு மேல் இந்தத் தொழிலில் சட்டையைக் கழற்றிக் காட்டித்தான் ஆள் பிடிக்க வேண்டும் என்றால் சலிப்புதான். புரோட்டீன் பவுடர் டப்பா விற்றுக் கமிஷன் பார்ப்பது அதைவிடச் சலிப்பு.

ஜூன் 17

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, நிறுத்தச் சொல்லுகிற டயட் சார்ட் இந்த மாவட்டத்தில் ஒரு வாரம் தாங்காது. 100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 38 கிராம், புரதம் ஒன்றரைகூட இல்லை. அதனால் தட்டைத் திருப்ப வேண்டும்: கிழங்கு ஒரு கை, சாளை மீன் நாலு. 100 கிராம் சாளையில் புரதம் 20 கிராம் அளவுக்கு வரும். பொரிக்காமல் குழம்பில். தேங்காயைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, சண்டை வரும்.

இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடுவில் கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரை நாலு டீஸ்பூன் தண்ணீரில், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கும் பட்டியலில் ரேக்குக்கும் மேலே.

ஜூன் 20

அண்ணாச்சியே கூப்பிட்டார். கீழ்த்தளம், ஆனால் பின்பக்க அறை. வாசல் அகலம் அளக்க வேண்டும். ரேக்கைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடலாம். பார் நீளம் 2.2 மீட்டர், நடை திரும்பும் இடத்தில் அதைத் திருப்ப முடியுமா என்று தெரியவில்லை. நாளை டேப்புடன் போக வேண்டும்.