கடிதம் வேண்டாம்

“குறிப்பு அதுல இருந்தா கவரை எடுத்து மாத்தி வைப்பீங்க தம்பி, சரிதான். அதுகூட எழுதியிருக்கதையும் வாசிப்பீங்கல்லா?”

குமரிக் கரையில் வள்ளங்களுக்கு மோட்டாரும் ஸ்பேரும் கொடுக்கும் கடை. அங்கே கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி சின்ன முதலாளியிடம் கேட்டது இது. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். அண்ணாச்சியின் குறிப்புகளை அலுவலகப் பட்டியலுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சொல்லும்போது அன்றைக்கு இருந்த உறுதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடையின் கடிதங்கள் எல்லாம் லிபர் ஆபீஸ் ரைட்டர் என்ற எழுத்து மென்பொருளில் தயாராகும். வாடிக்கையாளர் விவரம் முழுவதும் அண்ணாச்சியின் கணினியில், தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இருந்தது: தொடர்புகள், நாள்காட்டி, செய்ய வேண்டிய வேலைகள். ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. அவர் முகவரி வாசிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்ய, பாக்கி நினைவூட்டல் கடிதம் போகும். இரண்டையும் இணைத்துவிட்டால், பட்டியலிலிருந்து பெயரும் முகவரியும் தானாக ஏறும் மெயில் மெர்ஜில் எல்லாக் கடிதமும் மொத்தமாக அச்சாகும், அண்ணாச்சி லீவு போட்டாலும் கடை நடக்கும் என்றார் சின்ன முதலாளி. நியாயமான ஆசை. நானும் ஆசையோடுதான் இறங்கினேன்.

கணினிப் பக்கம் வந்த தொல்லைகள் தீர்க்கக்கூடியவை. தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தை நேரடியாகத் திறக்க லிபர் ஆபீஸில் ஒரு வழி உண்டு. ஆனால் அது மோர்க் என்ற பழைய கோப்பு வடிவத்துக்கானது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பில் தண்டர்பேர்ட் எஸ்க்யூலைட் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. அதனால் ரேடிகேல் என்ற சிறிய சர்வரை அலுவலகக் கணினியில் நிறுவி, அவற்றைப் பகிர்வதற்கென்றே உள்ள நெறிமுறைகளான கார்டுடாவ் வழியாகத் தொடர்புகளையும் கால்டாவ் வழியாக நாள்காட்டியையும் அதில் ஏற்றினேன். அங்கிருந்து லிபர் ஆபீஸின் விரிதாளான கால்க்கில் ஓர் அட்டவணையை உருவாக்கி, அதையே ரைட்டருக்குத் தரவு மூலமாகப் பதிவு செய்தேன். பழைய போனிலிருந்து எடுத்த விகார்டுகளில், அதாவது தொடர்பு அட்டைக் கோப்புகளில், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சமக்குறியும் எண்ணுமாகக் கிடந்தன. விகார்டு 2.1 பதிப்பில் அப்படித்தான் வரும், அவிழ்த்தால் பெயர் கிடைத்துவிடும்.

பெயர்க் கட்டங்களில் கொஞ்சம் நின்றேன். விகார்டு குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கிறது. நம் பக்கத்தில் ஆளை அடையாளம் காட்டுவது ஊரும் வீட்டுப்பெயரும் வள்ளத்தின் பெயரும். ஜோசப் என்று தேடினால் திரை நிறைந்துவிடும். அண்ணாச்சி வள்ளத்தின் பெயரை நிறுவனம் என்ற கட்டத்தில் எழுதிவந்திருக்கிறார். அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

நாள்காட்டியில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு நிறத்தில் இருந்தது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடலுக்கு இரண்டு கணக்கு. யாரிடம் எப்போது பாக்கி கேட்கலாம், எப்போது கேட்டால் வயிற்றில் அடிப்பதாகும் என்பதெல்லாம் அந்த நிறங்களிலேயே தெரியும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் கிளம்பிய நாள், கரை தொடும் உத்தேச நாள், அதுவும் உண்டு. இவையெல்லாம் கடைக்குச் சேர வேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் தயங்கியது தொடர்பு அட்டையில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில்.

அதில் எந்தப் பிரிவும் இல்லாமல் எழுதியிருந்தார். என்ன மோட்டார், எப்போது வாங்கியது, எந்த ஸ்பேர் பொருந்தும். அடுத்த வரியில் மகள் நர்சிங் படிக்கப் போன ஊர். அதற்கடுத்து யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எந்த வீட்டு நகை அடகில் இருக்கிறது, யார் குடியை நிறுத்தியிருக்கிறார், எங்கே பண விஷயத்தை மனைவியிடம் மட்டும் பேச வேண்டும். 2017இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு எழுதியவை இன்னும் நீளம். சிலவற்றை வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

அப்புறம் அவரிடமே கேட்டேன். “அண்ணாச்சி, இதுல கடைக்கு உள்ளது எது, உங்க சொந்தக் குறிப்பு எது? ஒரு தடவை பிரிச்சுத் தந்தீங்கன்னா போதும்.”

“நான் பிரிச்சு எழுதல மக்களே. அவங்க பிரிச்சா சொன்னாங்க?”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி லெட்ஜரை எடுத்துக்கொண்டார். எல்லாம் ஒன்றுதான், மொத்தமாக எடுத்துக்கொள் என்கிறாரா? இல்லை, இதைத் தொடாதே என்கிறாரா? நான் இரண்டாவதாக எடுத்துக்கொண்டேன். அவர் குரலில் கோபம் இல்லை, அனுமதியும் இல்லை.

என் பக்கத்துக் காரணத்தையும் சொல்ல வேண்டும். நாள்காட்டிகளுக்கான ஐகேலண்டர் தரத்தில் ஒரு நிகழ்வைப் பொது, தனிப்பட்டது, இரகசியம் என்று குறிக்கலாம். ஒன்றும் குறிக்காமல் விட்டால் அது பொது. 1998இல் வந்த முதல் வடிவத்திலும் அப்படித்தான், 2009இல் திருத்தியபோதும் அப்படித்தான். தொடர்பு அட்டைக்கும் விகார்டு 3.0இல் இப்படி ஒரு குறி இருந்தது, 2011இல் வந்த 4.0இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி எதையும் குறித்ததில்லை. ஒரு கணினி, ஒரு ஆள் என்று இருந்தவருக்கு அது எதற்கு? ஆக, மென்பொருளின் கணக்கில் அவர் எழுதியது எல்லாமே பொது. அவர் அதற்குச் சம்மதித்தாரா என்று எந்த மென்பொருளும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய இடத்தில் இருந்தது நான் ஒருவன்தான். இந்த நினைப்பில்தான் குறிப்புக் கட்டத்தை அவர் கணினியோடு நிறுத்தினேன். சின்ன முதலாளியிடமும் மறைக்கவில்லை. “பிறகு பாத்துக்கலாம்” என்றார்.

முதல் கட்டுப் பாக்கிக் கடிதங்கள் அச்சாகி, கவர்களில் போட்டு, தபாலுக்குத் தயாராக இருந்தன. அண்ணாச்சி வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கவராகப் பார்த்துச் சிலவற்றை உருவி எடுத்து மேசை டிராயரில் வைத்தார். ஏன் என்று சின்ன முதலாளி கேட்டார். அந்த வீடுகளுக்குப் போகக் கூடாது என்று மட்டும் பதில் வந்தது.

அதில் ஒரு வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும், குறிப்பை நான் பார்த்திருந்தேன். ஒக்கியில் போனவர் கரை திரும்பவில்லை. கணக்கு அவர் பேரில்தான் இருக்கிறது, மனைவி கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவருகிறார். ‘பேரில் கடிதம் வேண்டாம். அம்மைக்கு மகன் வருவான் என்ற நினைப்பு’ என்று எழுதியிருந்தது. இந்த வரியை மட்டும் வெளியே சொல்ல அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அதற்குக் கீழே இருந்தவற்றைச் சொல்லப் போவதில்லை.

“இது எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே எடுத்திருப்பேனே அண்ணாச்சி. சிஸ்டத்துல ஏன் இல்ல?” என்றார் சின்ன முதலாளி. அதற்குத்தான் அண்ணாச்சி, நான் முதலில் எழுதிய அந்தப் பதிலைச் சொன்னார்.

சின்ன முதலாளி கெட்டவர் இல்லை. உண்மையாகவே எடுத்து வைத்திருப்பார். அன்றைக்கு அண்ணாச்சி கடைக்கு வராமல் இருந்திருந்தால் அந்தக் கவர் தபாலில் போய், மகன் பேரைப் பார்த்து அந்த அம்மை என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கவே முடியவில்லை. நான் காப்பாற்றிய அந்தரங்கத்துக்கு அப்படி ஒரு விலை இருக்கிறது. மறுபக்கம், அதே குறிப்பின் மற்ற வரிகள் பட்டியலில் ஏறியிருந்தால், கடன் தரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது யார் கண்ணில் படும்? அடகில் இருக்கும் நகையைப் பற்றித் தெரிந்த பிறகும் பழைய மாதிரியே மோட்டாரைக் கடனுக்குக் கொடுப்பார்களா?

அந்த வீட்டுக்காரர்கள் அண்ணாச்சி என்ற மனிதரை நம்பிச் சொன்னார்கள், கடையிடம் சொல்லவில்லை என்பது என் வாதம். ஆனால் அவர் அந்த நாற்காலியில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்களே. பாக்கியைக் கட்ட முடியாததற்குக் காரணமாகத்தானே வீட்டுக் கதையைச் சொன்னார்கள்? அப்படியானால் அதில் கடைக்கும் பங்கு உண்டா? இதுவரைக்கும் என்னால் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. கணக்கு எழுதும் நண்பர்களிடமும் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இறந்த தேதிக்கென்றே விகார்டில் ஒரு கட்டம் உண்டு, 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6474 என்ற தர ஆவணம் சேர்த்தது. அதை வைத்துப் பெயரை வடிகட்டலாமா என்று பார்த்தேன். கடலிலிருந்து வராதவருக்கு எந்தத் தேதி போடுவது? சான்றிதழில் ஏதாவது ஒரு தேதி இருக்கும். அந்த வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளாத தேதியை என் கையால் அடிக்க மனம் வரவில்லை. கடைசியில் ‘கடிதம் வேண்டாம்’ என்று ஒரு வகை உண்டாக்கினேன். அண்ணாச்சி டிக் செய்வார், அட்டவணை தயாராகும்போது அந்தப் பெயர்கள் கழன்றுவிடும். காரணம் எழுத இடம் வைக்கவில்லை. அவரும் ஒத்துக்கொண்டார், சின்ன முதலாளியும் அரை மனதாகச் சரி என்றார்.

ஆனால் காரணம் இல்லாத டிக் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த வருடம் அண்ணாச்சி வேலையை விடுகிறார். புதிதாகச் சேர்ந்த பெண்ணை வீடு வீடாக அழைத்துப் போய்க் காட்டித் தருகிறேன் என்கிறார். எழுதிக் கொடுத்தால் மறக்காதே என்றேன். “அவகிட்ட அவங்களே சொல்லுவாங்க. சொல்லலேன்னா அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எந்த மோட்டாருக்கு எந்த ஸ்பேர் என்பதும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

இணைப்பு வேலை தொடங்கும் முன் எடுத்த பேக்கப்பில் எல்லாக் குறிப்பும் முழுதாக இருக்கிறது. அந்த டிஸ்க் என் பொறுப்பில். இருப்பது இருவருக்கும் தெரியும். அழித்துவிடு என்று அண்ணாச்சி சொன்னதில்லை, எடுத்துக் கொடு என்று சின்ன முதலாளியும் கேட்டதில்லை. இத்தனை நியாயம் பேசிய நானும் அழிக்கவில்லை. டிஸ்க் பழையதாகிவிட்டது, மாற்ற வேண்டும். புதியதில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். அதை நான்தான் எழுதித் தர வேண்டும்.