80-ஐத் தாண்டினால் ஒரு ரீங்காரம்

2024 ஜூன் 2, ஞாயிறு

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிப் போய் வந்தேன். ஆண்டிப்பட்டிக் கணவாய் இறங்கும்வரை வண்டியில் ஒன்றும் தெரியவில்லை. உசிலம்பட்டி தாண்டி ரோடு நேராக விரிந்ததும் வேகம் 70-ஐத் தொட்டது, ஸ்டியரிங் கையில் ஆட ஆரம்பித்தது. 80-க்கு மேல் அந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கி, தரைக்கு அடியிலிருந்து வேறொரு அதிர்வு வந்தது. மாவு மில்லில் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது பாதத்தில் ஏறுமே, அதே மாதிரி. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி சீட்டில் மடக்கிக்கொண்டார். "கால் மரத்துப் போகுதுப்பா" என்றார். அதற்குப் பிறகு 60-லேயே ஓட்டினேன்.

பதினாறு வருடம் ஆன டீசல் வண்டி. ஃபோர் வீல் டிரைவ், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன் சக்கரங்களை அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருகுகிற ஹப் லாக். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். மழைக்காலச் சேற்றில் இது இல்லாமல் மேலே ஏற முடியாது. மலையில் 30-க்கு மேல் போவதே இல்லை. அதனால் இந்தக் கோளாறு எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று.

இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, அப்புறம்தான் அடுத்தது.

ஜூன் 5, புதன்

முதலில் டயர். நான்கையும் கழற்றி, டயர் மாட்டியிருக்கும் இரும்பு டிஸ்க்கின் உள்பக்கம் பார்த்தேன். தோட்டத்துச் செம்மண் காய்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியபோது உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கழுவித் துடைத்து, தேனிக்குக் கொண்டுபோய் பேலன்சிங் பார்த்தேன். முன் இடது சக்கரம் கழுவிய பிறகும் சமன் செய்ய 65 கிராம் எடை கேட்டது. பின் வலது டிஸ்க் மெஷினில் சுற்றும்போதே விளிம்பு அலைவது கண்ணுக்குத் தெரிந்தது. அதை ஸ்டெப்னிக்குத் தள்ளிவிட்டு நல்லதை மாட்டினேன்.

திரும்பும்போது தேனிக்கும் போடிக்கும் நடுவில் ஓட்டிப் பார்த்தேன். 70-ல் ஸ்டியரிங் ஆடவில்லை. 80-க்கு மேல் தரை அதிர்வு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆக, இருந்தது இரண்டு கோளாறு. ஒன்று ஒழிந்தது.

ஜூன் 8, சனி

இன்று வண்டியைக் கிளப்பவே இல்லை; கணக்குதான் போட்டேன். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, களத்துச் சிமெண்ட் தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பால் அளந்தேன்: 2.25 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 22.2 மீட்டர். அப்படியானால் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 10 தடவை சுற்றுகிறது. கிரவுன் பினியன் (பின் அச்சின் பற்சக்கரங்கள்) விகிதம் 4.3. அதனால் பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் நீளத் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், வினாடிக்கு 42, 43 தடவை சுற்றும்.

இந்த எண்கள் கையில் இருந்தால் அதிர்வின் பிறந்த இடம் பாதி தெரிந்த மாதிரி. அதிர்வு வினாடிக்கு 10 தடவை என்றால் டயர், டிஸ்க், ஹப். 42 என்றால் ஷாஃப்ட் கோணலாகவோ ஒருபக்கம் கனமாகவோ இருக்கிறது. அதன் இரண்டு மடங்கு, 85 என்றால் யூ.ஜே. கிராஸ், அதாவது ஷாஃப்ட்டின் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு. காரணம் இதுதான்: கோணத்தில் நின்று சுற்றுகிற கிராஸ், உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும், வெளியே தருவதை ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தவும் இரண்டு தடவை பிந்தவும் விடும். ஷாஃப்ட்டின் மறுமுனைக் கிராஸும் அதே கோணத்தில் நின்றால், முன்னது கெடுத்ததைப் பின்னது சரிசெய்துவிடும். அதற்காகத்தான் கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனை ஃபோர்க்கும் ஒரே நேராக இருக்க வேண்டும் என்று ஷாஃப்ட்டிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா மகன் கூட வந்தான். அதிர்வை வரைந்து காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டு, நடுத் தரையில் டேப்பால் ஒட்டினோம். காலை ஆறு மணிக்கு ரோடு காலி. ஜி.பி.எஸ்ஸில் 80-ஐ நிலையாகப் பிடித்தேன். "மாமா, 85-கிட்ட ஒண்ணு குத்துக்கல்லா நிக்குது" என்றான். 10-ல் ஒன்றுமில்லை. 42-ல் ஒரு சின்ன மேடு.

அதே வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்தேன். (சாவியை அணைக்கக் கூடாது, இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும்.) இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் அதிர்வு குறையவில்லை. இன்ஜின், கிளட்ச் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்தேன்.

அடுத்து ஹப் லாக். மலையிலிருந்து இறங்கினாலும் நான் அதைப் பெரும்பாலும் திறப்பதில்லை. லாக்கில் இருந்தால், டூ வீல் டிரைவில் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு பக்கமும் திறந்துவிட்டு மறுபடி 80. மாற்றமில்லை. முன் ஷாஃப்ட் மேல் பழி இல்லை.

ஜூன் 13, வியாழன்

மெக்கானிக் அண்ணன் பட்டறையில் பின் ஷாஃப்ட்டைக் கழற்றினோம். அவிழ்ப்பதற்கு முன்பே ஷாஃப்ட்டின் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சிலும் பெயிண்டால் கோடு இழுத்துவிட்டார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். இந்த வண்டியில் இரண்டு முனையும் ஃபிளாஞ்ச், நீண்டு சுருங்குகிற ஸ்லிப் ஜாயின்ட் நடுவில் இருக்கிறது. ஸ்லிப் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) நுழைகிற வகையாக இருந்தால், ஷாஃப்ட்டை உருவியதும் ஆயில் கொட்டிவிடும். பின் ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனையை அப்படியே செய்ய முடியாது.

ஹப்பை லாக் செய்து, ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இழுவையில்) போட்டு, முன் சக்கர இழுவையில் மட்டும் ஆறு கி.மீ. ஓட்டினேன். 80, 85. தரை அமைதியாக இருந்தது. டேஷ்போர்டில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் நீர் சிலிர்க்கவில்லை. இத்தனை நாளில் இன்றுதான் நெஞ்சில் ஒரு நிம்மதி.

திரும்பி வந்து ஷாஃப்ட்டை வைஸில் பிடித்துப் பார்த்தோம். அம்புக்குறிகள் நேர். முன் கிராஸ் வெண்ணெய் மாதிரி அசைகிறது. பின் கிராஸ் ஒரு பக்கம் இலகு, மறுபக்கம் பிடித்துப் பிடித்து, பல் வைத்த மாதிரி நகர்கிறது. பூட்டு வளையமான சர்க்கிளிப்பை எடுத்து, ஊசி பேரிங் இருக்கும் கப்பைத் தட்டியபோது கிரீஸ் வரவில்லை, செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. கிராஸின் காலில் ஊசி பேரிங் ஒவ்வொன்றும் பதிந்த தடம் வரிவரியாக. நகத்தால் வருடினால் ஒவ்வொரு வரியும் தட்டுகிறது. "நிப்பிள்ல கிரீஸ் அடிச்சாலும் இந்த ஒரு கப்புக்கு மட்டும் போய்ச் சேரலை தம்பி" என்றார் அண்ணன்.

ஜூன் 16, ஞாயிறு

புதுக் கிராஸ் போட்டாயிற்று. ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போது வந்துகொண்டிருந்த 'லொடக்' போய்விட்டது. ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. பாதிதான். போனில் 85-ல் இருந்த கல் குட்டையானதே தவிர விழவில்லை.

மனசு கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சட்டென்று, "போன மாசம் தேனியில உர மூட்டை ஏத்திட்டு வந்தோமே, அன்னைக்கு இப்படி உதறலையே" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுமை ஏற்றினால் குறைகிறது என்றால், பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிசம்பரில் பட்டையின் பின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை எடுத்துவிட்டு நீளமானது மாட்டினேன், மேட்டில் அடி தட்டுகிறது என்று. பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்தது. அதற்குப் பிறகு சுமை இல்லாமல் இந்த வண்டியில் 80-ல் போனதே ஜூன் 2 அன்றுதான்.

ஜூன் 19, புதன்

களத்தில் வண்டியை நிறுத்தினேன். ஜாக்கி வைக்கவில்லை, நான்கு சக்கரமும் தரையில், வெறும் வண்டியாக இருந்தால்தான் அளவு சரியாக வரும். ஃபிளாஞ்ச் முகத்தில் போனை ரசமட்டமாக வைத்து அளந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னோக்கி 3 டிகிரி இறங்கியிருக்கிறது. பின் அச்சில் ஷாஃப்ட் சேரும் பினியன் மூக்கு அதே 3 டிகிரி தூக்கி இருந்திருக்க வேண்டும். இருப்பது 5.5. ஷேக்கிள் நீண்டதால் பட்டையின் பின் காது கீழே இறங்க, பின் அச்சின் ஹவுசிங் பின்னோக்கிப் புரண்டு மூக்கைத் தூக்கிவிட்டது. இரண்டு கிராஸும் வேறு வேறு கோணத்தில் நின்றால் ஒன்றின் தப்பை மற்றது எப்படித் திருத்தும்? சுமை ஏறும்போது ஷாஃப்ட்டின் சரிவே குறைகிறது, அதனால் தப்பும் சிறுக்கிறது. அம்மா சொன்னது அதுதான்.

பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்து மூக்கை இறக்கலாம் என்றார் அண்ணன். எனக்கு அந்த உயரமே வேண்டாம் என்று தோன்றியது. பழைய ஷேக்கிள் மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. மாட்டினோம். ஷேக்கிள் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் ரப்பர் என்பதால் வண்டி தரையில் முழு எடையோடு நின்ற பிறகுதான் போல்ட்டை இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

மறுபடி அளந்தேன்: 3, 3.5.

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவுக்கு மறு பரிசோதனை, மதுரை. உசிலம்பட்டி தாண்டிய அதே நேர் ரோடு. 70, 80, 85. போன் ஒட்டவில்லை, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அம்மா குனிந்து வைத்துப் பார்த்தார். "வீட்டுத் தரை மாதிரி இருக்குப்பா" என்றார். கால் இரண்டும் கீழேதான் இருந்தன.

வரும்போது செக்கானூரணியில் டீக்கு நிறுத்தினேன். திரும்ப மாட்டிய ஷாஃப்ட் 100 கி.மீ. ஓடியிருக்கும் என்று அடியில் படுத்து ஃபிளாஞ்ச் நட்டுகளைச் சோதித்தேன். நான்கில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது.