கான்பூரில் ஒரு கேப்டன் வீடு

என் தாத்தா மலாயாவில் ரப்பர் மரம் சீவியவர். ஊர் திரும்பிய பிறகு அவர் சுவரில் மாட்டி வைத்திருந்த சாமிப் படங்களின் வரிசையில், கண்ணாடிக்குள் ஈரமேறி ஓரம் பழுத்துப்போன ஒரு புகைப்படமும் இருந்தது. அணிவகுத்து நிற்கும் பெண்களைப் பார்வையிட்டபடி சுபாஷ் சந்திர போஸ் நடந்து வருகிறார். அவருக்குப் பக்கத்தில் ராணுவத் தொப்பியும் காற்சட்டையுமாகக் கேப்டன் லட்சுமி. வீட்டுக்கு வருபவர்களிடம் தாத்தா, 'நம்ம மெட்ராஸ் டாக்டரம்மா' என்று சொல்லிக் காட்டுவார். அந்தச் சீருடையோடு அவருடைய கதை முடிந்துவிட்டதாகவே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னர் அவர் அமைத்துக்கொண்ட குடும்பத்தைப் பற்றித்தான் இப்போது எழுதத் தோன்றுகிறது.

லட்சுமி 1914-இல் சென்னையில் பிறந்தார். தந்தை சுவாமிநாதன் உயர்நீதிமன்றத்தில் பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்று, 1952-இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தங்கை மிருணாளினி சாராபாய் நாட்டியக் கலைஞர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்ற லட்சுமி, முதல் திருமணம் நிலைக்காத நிலையில் 1940-இல் சிங்கப்பூர் சென்று, கூலி வேலைக்கு வந்த ஏழை இந்தியர்களுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார். போஸ் அங்கே வந்து சேர்ந்த 1943 ஜூலையில், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையை அமைத்து நடத்தும் பொறுப்பு லட்சுமியிடம் வந்தது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் அவர்களில் பலர். இந்த ஒரு செய்தியை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

பின்னாளில் லட்சுமியின் கணவரான பிரேம் குமார் சேகல் வந்த வழி வேறு. லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த அச்சுரு ராமின் மகனான அவர், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பலூச் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் போர்க்கைதியானவர், பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போஸின் ராணுவச் செயலாளரானார். 1945-இல் பர்மாவின் போப்பா மலைப்பகுதியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமையேற்றுப் போரிட்டார். அவரும் லட்சுமியும் நெருங்கியது இந்தப் போர்க்காலத்தில்தான். போர் முடியும் தறுவாயில் இருவருமே பிரிட்டிஷாரிடம் சிக்கினார்கள்.

இந்திய தேசிய ராணுவத்தின் சக அதிகாரிகளான ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோருடன் சேகலும் டெல்லி செங்கோட்டையில் பிரிட்டிஷாரின் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட அந்த 1945 நவம்பரை, நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தது. அவர்களுக்காகப் புலாபாய் தேசாய் வாதாடினார். பல ஆண்டுகளுக்கு முன்பே கழற்றி வைத்த வழக்கறிஞர் அங்கியை நேரு மீண்டும் அணிந்து வந்தார். மூவருக்கும் ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் மக்களின் கொந்தளிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்துவிட, 1946 ஜனவரித் தொடக்கத்தில் அவர்கள் வெளியே வந்தார்கள். பர்மாவில் காவலில் வைக்கப்பட்டிருந்த லட்சுமி அதே ஆண்டு மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

1947 மார்ச்சில் லாகூரில் திருமணம். ஐந்தே மாதங்களில் அந்த லாகூர் வேறு நாடாகிவிட்டது. கான்பூரில் குடியேறிய தம்பதியரில் பிரேம் ஜவுளி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இந்திய தேசிய ராணுவத்தினரைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து கான்பூருக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்ப்பதில் லட்சுமி இறங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் பிறந்த மூத்த மகளின் பெயர் சுபாஷினி. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. இளையவர் அனிசா.

சுபாஷினி அலி கல்லூரிப் படிப்புக்குச் சென்னைக்கு வந்தவர். பின்னர் தொழிற்சங்கத்திலும் மார்க்சிஸ்ட் கட்சியிலும் உழைத்து, 1989-இல் கான்பூரின் மக்களவை உறுப்பினரானார். அதே கட்சியில் தாயும் இருந்தார். வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி வந்த 1971-இல் முகாம்களில் மருத்துவம் பார்த்ததும், 1984-இல் விஷவாயு பரவிய போபாலுக்கு மருத்துவக் குழுவோடு சென்றதும் லட்சுமிதான். சீக்கியருக்கு எதிராக அதே ஆண்டு கான்பூரில் கலவரம் மூண்டபோது, எழுபது வயதில் தெருவில் இறங்கிக் கும்பலைத் தடுத்து நின்றார். பிரேம் 1992-இல் காலமானார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் லட்சுமியை நிறுத்தினார்கள். தோல்வி உறுதி என்று தெரிந்தே நின்றார். தோற்றபின் மறுபடி நோயாளிகளிடம் போனார்.

தாத்தாவின் படத்தில் அவர் இருக்கும் சீருடை வாழ்க்கை இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. கான்பூரில் பிரசவம் பார்த்ததோ அரை நூற்றாண்டுக்கும் மேல். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் காலையில் நோயாளிகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். 2012 ஜூலை 23 அன்று, தமது 97-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவர் விரும்பியபடியே உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைக்கப்பட்டது.