"குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்"

குடியும் மனச்சோர்வும் சேர்ந்தே பிடித்தவனை யார் பார்ப்பது என்பதில் இவ்வளவு குழப்பம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் மீட்பில் அதிக நாள் வீணானது இங்கேதான்.

முதலில் மனநல மருத்துவரிடம் போனேன். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, விடிந்தாலே பயம் என்று சொல்லும்வரை குறித்துக்கொண்டார். தினமும் குடிக்கிறேன் என்றதும் பேனாவை மூடிவிட்டார். "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." சரி என்று மதுமீட்பு மையத்துக்குப் போனால், சேர்க்கைப் படிவத்தில் தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் படிவத்தை என் பக்கமே தள்ளி, மனநல மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் சேர்க்க முடியும் என்றார். மறுபடி பழைய இடம். டாக்டர் விடுப்பு. உண்மையைச் சொன்ன ஒருவனை இப்படி அலையவிடலாமா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

கிளம்புவதற்கு முன்பே போன் செய்து, "இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் அழுத்தினால் கடிதம், படிவம் எதற்கும் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், துணைக்கு ஒருவரோடு.

கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு டாக்டரை அக்காதான் தேடிப் பிடித்தார். மதுவே மனதைக் கீழே இழுக்கும், நிறுத்திய சில வாரங்களில் சோர்வில் ஒரு பகுதி தானாகவே குறையலாம், மிச்சமிருப்பதற்குச் சிகிச்சை கொடுப்போம் என்றார் அவர். சேர்க்கை, பரிசோதனை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

"மனசு வெச்சா இன்னைக்கே விட்டுடலாம்" என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துங்கள். அதேபோல, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி எங்கள் வீட்டுக்கும் யோசனை வந்தது. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் படபடப்பு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று ஆளையே சாய்த்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

உடம்பு தெளிந்த பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. குடியிலிருந்து மீள்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் 12 படிகளில், நான்காவது படி தன்னைத்தானே அஞ்சாமல் கணக்கெடுப்பது. ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. நோட்டில் மூன்று கட்டமாகக் கோடு போட்டேன்: யார் மேல் கோபம், என்ன நடந்தது, அது எனக்குள் எதைத் தொட்டது. பக்கம் பக்கமாக எழுதியும் கடைசிக் கட்டத்தில் ஒன்றேதான் திரும்பத் திரும்ப வந்தது: என்னை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். குழுவில் மூத்தவர் ஒருவரிடம் அதை வாசித்தேன். குரல் உடைந்து நிறுத்தியபோது அவர் ஆறுதலோ அறிவுரையோ சொல்லவில்லை. "ம், அடுத்ததைப் படிங்க தம்பி" என்றார். அன்று இறங்கிய பாரம் எந்த மருந்துக்கும் இறங்காதது. கடவுள் நம்பிக்கை இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். அவரவர் புரிந்துகொண்ட வகையில் கடவுள் என்றுதான் அந்தப் படிகளே சொல்கின்றன.

குடிக்கும் ஆசை வரும்போது அதோடு மல்லுக்கட்டுவதையும் விட்டேன். தொண்டை இறுகும், தாடை கெட்டிப்படும், உள்ளங்கை வியர்க்கும். அதை அப்படியே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்த் தணிந்துவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது இருந்தாலும் ஆசை பலமாக வரும். அதனால் முதலில் அதைக் கவனிப்பேன்.

மனச்சோர்வு மாத்திரை இன்னும் தொடர்கிறது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆனது. "மாத்திரை சாப்பிடுகிறவன் முழுசா மீண்டவன் இல்லை" என்று கூட்டத்துக்கு வந்த ஒருவர் சொன்னபோது சுருக்கென்றது. உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று அந்த அமைப்பின் கையேடே சொல்கிறது என்று அவரிடமே சொன்னேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். மையத்திலிருந்து வந்தபோது தந்த தாளில் மருந்தின் பெயர் இருந்தது, அளவு இல்லை. மருந்துக்கடையில் தர மறுத்துவிட்டார்கள். போன முறை டாக்டர் அளவைக் குறைத்தபோது, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று தெளிவாக எழுதி வாங்கிய பிறகே எழுந்தேன்.