எழுபதும் அறுபதும்: கவுன்சலிங் அறையின் வரவு செலவு

கவுன்சலிங்குக்கு வரும் தம்பதிகளில் பலர் மனசுக்குள் கணக்கெழுதியபடிதான் வருகிறார்கள். உறவில் வரவு செலவு பார்ப்பது கொச்சையாகப் படலாம். ஆனால் உளவியலாளர்கள் ஜான் திபோவும் ஹெரால்ட் கெல்லியும் 1959இல் சொன்ன ஒரு வேறுபாடு இந்த வேலையில் தினமும் கைகொடுக்கிறது. கிடைப்பதை 'எனக்கு இவ்வளவாவது கிடைக்கணும்' என்ற எதிர்பார்ப்போடு வைத்துப் பார்த்தால் திருப்தி தெரியும். 'இதை விட்டால் வேறென்ன வழி' என்பதோடு வைத்துப் பார்த்தால்தான் இருப்பாரா, போவாரா என்பது தெரியும்.

புதிதாக வருகிற ஆலோசகர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். "சந்தோஷமா இருக்கீங்களா?" "இல்ல." உடனே பிரியப்போகிறார் என்று குறிப்பெழுதிவிடுவார்கள். துணை வெளியே இருக்கும்போது இரண்டாவது கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்: "நாளைக்கே கிளம்பணும்னா எங்க போவீங்க? கையில காசு இருக்கா? பிள்ளைங்க யாரோட இருப்பாங்க?"

பின்னர் உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் இதோடு முதலீட்டையும் சேர்த்தார்: கழிந்த வருடங்கள், பிள்ளைகள், சேர்ந்து கட்டிய வீடு. துணையின் வன்முறைக்குத் தப்பிக் காப்பகத்துக்கு வந்த பெண்களைப் பற்றி அவரும் மார்ட்ஸும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மாற்று வழி குறைந்தவர்களும் முதலீடு அதிகமுள்ளவர்களுமே திரும்பிப் போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. "அடி வாங்கிட்டும் ஏன் போறா?" என்று கேட்பவர்கள் அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்கலாம்.

'யார் அதிகம் செய்யறது' என்ற கணக்குச் சண்டைக்கு இரண்டு துண்டுச் சீட்டு போதும். சமையல், பில் கட்டுவது, பள்ளி விவகாரம், பெரியவர்களின் மருந்து, சண்டைக்குப் பின் முதலில் பேசுவது. ஒவ்வொன்றிலும் தன் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று, ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்காமல், இருவரையும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் 70, மற்றவர் 60 என்பார், கூட்டினால் 130. ராஸ், சிகோலி என்ற ஆய்வாளர்கள் 1979இலேயே தம்பதிகளிடம் கண்டது இதுதான். தான் செய்தது சட்டென நினைவுக்கு வரும், மற்றவர் செய்தது பாதி கண்ணிலேயே பட்டிருக்காது.

இங்கேதான் சறுக்கும். "பாருங்க, ரெண்டு பேருமே கூட்டிச் சொல்றீங்க" என்று சிரித்துச் சமன் செய்தால், நிஜமாகவே 70 செய்பவருக்கு அது அநியாயம். தலைப்பை உடைக்க வேண்டும். சமையல் என்றால் நாளைக்கு என்ன என்று யோசிப்பது, காய் தீர்ந்ததைக் கவனிப்பது, மாவு அரைப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது, பாத்திரம் கழுவுவது. 60 என்று எழுதியவரின் பங்கு பெரும்பாலும் கடைசி வரியில் மட்டும்தான் நிற்கும். யோசிப்பதும் கவனிப்பதும் யார் கணக்கிலும் ஏறியிருக்காது.

இந்தச் சீட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். கிளார்க், மில்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1979இல் காட்டியபடி, நெருக்கம் தேடுகிற இடத்தில் உடனுக்குடன் கைமாறு வந்தால் ஈர்ப்பு குறைகிறது. ஃபிரிட்ஜில் ஒட்டிய பட்டியல் தேநீர் போட்டுக் கொடுப்பதைக்கூடக் கடன் அடைப்பாக்கிவிடும். கணக்கை ஆலோசனை அறையிலேயே முடித்து, சீட்டை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.